முப்பத்தெட்டாம் நம்பர் கால்

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மகள் ஒரு கணக்கு அனுப்பியிருந்தாள். செருப்பு சைஸைப் போடுங்கள், உங்கள் வயது வரும், உலகமே வியக்கிறது, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று கீழே பூவும் கைகூப்பும். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகம் வியப்பதற்கு ரொம்ப நாள் முன்பே இதை வைத்து நான் ஒரு கல்யாணத்தையே முடித்தவன்.

எனக்கு எண்கள்மேல் ஒரு கிறுக்கு உண்டு. படிப்பு பத்தாவதோடு சரி. கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ். ஆனால் பஸ் டிக்கெட் கைக்கு வந்தால் அதிலுள்ள எண்களைக் கூட்டாமல் விடமாட்டேன். ஒன்பது வந்தால் நல்ல நாள். வராவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் டிக்கெட்டை எட்டிப் பார்ப்பேன். மனிதர்களிடம் பேச வராதவனுக்கு எண்கள் சௌகரியம். அவை திரும்பிப் பார்த்து "இன்னா?" என்று கேட்காது.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ஜோடியைப் பெட்டியில் வைத்து சைஸ் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. தோல் வாசனையும் பசை வாசனையும் சட்டையில் ஊறிவிடும். டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசி வரை காலியாகவே இருக்கும். அந்த நாளில் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த பேப்பரில்தான் இந்தக் கணக்கைப் பார்த்தேன். சைஸை ஐந்தால் பெருக்கி, ஐம்பதைக் கூட்டி, இருபதால் பெருக்கி, அந்தந்த வருஷத்துக்கென்று ஓர் எண்ணைக் கூட்டி, பிறந்த வருஷத்தைக் கழிக்க வேண்டும். விடையில் முதல் இரண்டு எண் சைஸ், கடைசி இரண்டும் வயது. போண்டா சுமார்தான்.

கேன்டீனில் ஆண்கள் பக்கம் இதைச் செய்து காட்டி கொஞ்சம் பெரிய ஆளானேன். வயது தப்பாக வந்தவர்கள்கூட என்னைத் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியை எழுதிய வாத்தியாரைத் திட்டினார்கள்.

ஆனால் நான் காட்ட நினைத்தது ஒருத்திக்குத்தான். தையல் லைனில் இருந்த ஜெயந்தி. பள்ளிகொண்டாவிலிருந்து வருபவள். அவளைப் பார்த்தாலே எனக்குக் கையிலிருக்கும் ஸ்டிக்கர் பெட்டியில் ஒட்டாமல் சட்டையில் ஒட்டும். அவளுக்குப் பக்கத்து மெஷின் ஷபானா. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்:

"அவ வூட்ல மாப்ள பாக்கறாங்க. வாணியம்பாடில ஒண்ணு முடியற மாதிரி இருக்கு. நீ சும்மா ஸ்டிக்கரு ஒட்டினே இரு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மேசைக்குப் போனேன். "ஒரு கணக்கு" என்றேன். போண்டா பேப்பரை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன்.

"நாங்க இன்னா ஸ்கூலுக்கா வந்தோம்?" என்றாள் ஷபானா.

ஜெயந்தி மட்டும் விரலை மடக்கி, மனத்துக்குள்ளேயே போட்டு விடையைச் சொன்னாள். சைஸ் முப்பத்தெட்டு, வயது இருபத்திரண்டு. வயது சரி என்று தலையாட்டினாள். அவ்வளவில் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் முப்பத்தெட்டு கையில் இருந்தது.

எக்ஸ்போர்ட்டில் தள்ளிவிட்ட செருப்புகளை விற்கும் கடையில் முப்பத்தெட்டில் ஒரு ஜோடி வாங்கினேன். காப்பிக்கலர், முன்பக்கம் மூடியது, சின்ன பக்கிள். கம்பெனி பஸ் புறப்படும் இடத்தில் அவளிடம் நீட்டினேன். அங்கேயே போட்டுப் பார்த்தாள். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழையும் இடம்.

"இன்னாங்க இது? படகா?"

"நீங்கதான முப்பத்தெட்டுன்னீங்க."

"அன்னிக்கி லைன்ல முப்பத்தெட்டு சைஸ் ஷூதான ஓடிச்சி. சைஸ் இன்னான்னு கேட்டா ஓடறதத்தான சொல்லுவோம். என் காலு நம்பரு எனக்கு இன்னா தெரியும்?"

அப்போதுதான் உறைத்தது. கேன்டீனில் நான் கணக்குப் போட்ட அத்தனை ஆண்களும் சைஸ் நாற்பத்திரண்டு என்றே சொன்னார்கள்; அந்த வாரம் லைனில் ஓடியது அதுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரான் காலுக்குத் தைக்கிறவர்கள், தங்கள் காலுக்குப் பிளாட்பாரத்தில் நுழைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள். நானும் அப்படித்தான்.

கூட நின்ற ஷபானா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெயந்தியிடம், "தோஸ்த், இந்தக் கணக்கு டீச்சர்தான் உனக்கு சரி" என்றாள்.

ஜெயந்தி சிரிக்கவில்லை. "இவ்ளோ சுத்தி வளச்சி கேட்டதுக்கு நேராவே கேட்டிருக்கலாமே" என்றாள்.

"சைஸா?"

"அதையும்தான்."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் படியில் ஏறி நின்று, "வாணியம்பாடிக்கு இன்னும் பதிலு சொல்லல. உங்க வூட்ல பெரியவங்க இருந்தா ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க" என்றாள். செருப்பைத் திருப்பித் தரவில்லை.

முன்பக்கம் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலுக்குப் போனோம். உள்ளே பெருமாள் நிம்மதியாகப் படுத்திருந்தார். வெளியே வந்தால் அந்தச் செருப்பைக் காணோம். என் தேய்ந்த ஹவாயை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று காலை கணக்கு வந்ததும் ஜெயந்தி அடுப்படியிலிருந்து போனோடு வந்தாள். "போட்டுப் பாத்தேன். வயசு சரியா வருது."

"சைஸ் இன்னா போட்ட?"

"முப்பத்தெட்டு."

"இன்னிக்கி லைன் ஏது?"

"லைன் இல்ல, காலு." ரெண்டு பிள்ளை பெற்று, லைனில் அத்தனை வருஷம் மெஷின் மிதித்ததில் பாதம் அகன்றுவிட்டதாம். போன தீபாவளிக்கு எடுத்ததே முப்பத்தெட்டுதானாம்.

அந்தச் செருப்புக் கடை இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. கம்பெனியில் ஸ்டிக்கரை மெஷின் ஒட்டுகிறது. மகள் போனில் பார்த்தே செருப்பு வாங்குகிறாள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறாள். எனக்கு அந்தக் காப்பிக்கலர் ஜோடி மட்டும் வேண்டும். இன்றைக்குப் பஞ்சே தேவைப்படாது.