நாலு பேருக்குப் பயந்த பரிசு

சீட் கவர் அக்கா என்றால் அந்தச் சாலையில் லாரிக்காரர் முதல் டாக்ஸிக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். கிழிந்த இருக்கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து வருவதற்குள் ரெக்ஸினை அளந்து வெட்டியிருப்பாள். கைக்கு இருக்கும் பொறுமையில் பாதிகூட வாய்க்குக் கிடையாது. பேரம் பேச வந்தவன் பேச்சை முடிக்குமுன் வாசலைக் காட்டிவிடுவாள். உனக்கு எங்கிருந்து இத்தனை கோபம் என்று புருஷன் கேட்டால், "எங்கப்பாவைப் போய்க் கேளுங்க" என்பாள்.

அப்பா எடைமேடைக்காரர். காலமெல்லாம் லாரி எடை போட்டு, ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷன். அதே மனுஷன் சர்ச் சபையில், பிள்ளைகளுக்குப் பைபிள் சொல்லித்தரும் ஞாயிறு பள்ளிக்குத் தலைவர். அங்கே மட்டும் அவர் நியாயம் தலைகீழாகிவிடும். சொந்தப் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம்! ஒருமுறை அவள் அண்ணன் பைபிளிலிருந்து நீளமான சங்கீதம் ஒன்றைத் தடுமாறாமல் ஒப்பித்துச் சபையையே வாய் பிளக்க வைத்தான். பரிசோ பாதியில் மறந்துபோய்த் திருதிருவென்று விழித்த பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு வருஷா வருஷம் ஆட்டுக்குட்டி வேஷம்தான். வளர்ந்து, உடுப்புத் தையல் பிரிகிற வயசிலும் ஆட்டுக்குட்டியாகவே 'மே' என்று கத்திக்கொண்டு நின்றாள். வீட்டில் மட்டும் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு மனப்பாடம், இரண்டு மடங்கு ஜெபம்.

அண்ணன் கப்பல் வேலைக்குப் போனான். கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் சபைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அதற்கும் அப்பா உலகத்தைத்தான் குறை சொன்னார்.

அவள் சபையை விடவில்லை. ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. ஊசி முறிந்தாலும், வாடிக்கையாளர் ஏமாற்றினாலும் ஆண்டவரோடுதான் சண்டை பிடிப்பாள். சண்டை பிடிக்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய தெம்பு. அந்தத் தெம்பு மகளுக்கும் கிடைத்துவிட்டால் போதும், தான் செத்தாலும் கவலையில்லை என்று நினைத்தாள்.

மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டு வயது. இந்த வருஷ வசனப் போட்டிக்குப் பட்டறையில்தான் படித்தாள். ஃபோம் அடுக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஒரு முழு அதிகாரத்தை உருப்போட்டாள். "அக்கா, எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு" என்றார் சீட் மாட்ட வந்த டாக்ஸிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். சபை கைதட்டியது. அடுத்து வந்த எலக்ட்ரீஷியன் மகள் இரண்டு வசனங்களை விழுங்கிவிட்டு, பாவம், அழாத குறையாக இறங்கிப் போனாள். நடுவர் யார்? எடைமேடைக்காரர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். பிழையில்லாமல் சொன்ன பிள்ளை என்று எலக்ட்ரீஷியன் மகளுக்கே முதல் பரிசை அறிவித்தார்.

"அம்மா, நான் எங்கம்மா தப்பு விட்டேன்?" என்று குட்டி காதோடு கேட்டாள். கேட்டுவிட்டு, முதல் வசனத்திலிருந்து விரல் விட்டு எண்ணி முணுமுணுக்க ஆரம்பித்தாள். இல்லாத தப்பை அந்தப் பிள்ளை தேடுகிறதே! அதைப் பார்த்த பிறகுதான் சீட் கவர் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

கூட்டம் கலைந்ததும் குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"இவ எங்கப்பா தப்பு விட்டா?"

"கோயில்ல சத்தம் போடாதம்மா."

"எங்க தப்பு விட்டான்னு மட்டும் சொல்லுங்க."

"தப்பு விடல. என் பேத்திக்கு நானே தூக்கிக் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரா நாளைக்கு இவளுக்கு ஜெபம் பண்ணச் சொல்லித்தரப் போறாங்க? அண்ணன் போனப்ப ஒருத்தராவது தேடிப் போனாங்களா? அவங்க பிள்ளைங்கல்லாம் இங்கதான் இருக்கு. உங்க பிள்ளை எங்கப்பா?"

அவர் முகம் சுருங்கியது. "உங்களுக்குத் தாழ்மை வரணும்னுதான்..."

"மண்ணாங்கட்டி! கடவுளும் உங்கள மாதிரித்தான், எவ்வளவு செஞ்சாலும் நம்மள மட்டும் பாக்க மாட்டாருன்னுதான் நாங்க கத்துக்கிட்டோம். அண்ணன் அதோடயே போயிட்டான். அத மறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவளுக்கும் அதையே குடுக்கப் பாக்குறீங்க."

எடைமேடைக்காரர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியின் முன்னால் சிரமப்பட்டுக் குனிந்தார்.

"நீ நல்லா சொன்ன கண்ணு. ஒரு தப்பும் இல்ல."

குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அவ சரியா சொன்னான்னு மைக்ல ஏன் சொன்னீங்க?"

"அது... பெரியவங்க விஷயம்டா. விடு. அடுத்த வாரம் தாத்தா புதுப் பாட்டு சொல்லித்தர்றேன். வருவியா?"

"நீங்க வருவீங்களா?"

"தாத்தா வராம எப்படி? நான்தானே தலைவர்."

"அப்ப நான் வரல."

சொல்லிவிட்டு அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். இவ்வளவு நேரம் கத்தித் தீர்த்தவள் மகள் பின்னால் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்த வேண்டும்தான். என்ன சொல்லித் திருத்துவது?

"பாத்தியா, நீ வளர்த்த லட்சணம்" என்றார் அப்பா.