ஊமைக்கத்திரியின் உலை

பேசாத சலூன்காரனை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? என் கட்டடத்தில் ஒருவன் இருக்கிறான். முடி வெட்ட உட்கார்ந்தால் கத்திரி மட்டும்தான் பேசும், அவன் வாய் திறக்கமாட்டான். அதனால் தெருவே அவனை ஊமைக்கத்திரி என்று கூப்பிடும். ஐம்பதைத் தொடப்போகிற தனிக்கட்டை. கடைக்குப் பின்னால் உள்ள அறையிலேயே சமையல், படுக்கை எல்லாம். வாயாடியை நம்பினாலும் நம்பலாம், வாய் திறக்காதவனை நம்பக்கூடாது. இது எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தந்ததல்ல. மழைக்குக்கூட அந்தப் பக்கம் நான் அதிகம் ஒதுங்கியதில்லை. பழைய இரும்புக் கடையில் மூட்டை தூக்கினேன், பிறகு அந்தக் கடையையே வாங்கினேன், அதன் பிறகு இந்தக் கட்டடத்தை எழுப்பினேன். இதன் ஒவ்வொரு செங்கலுக்கும் என் தோளைத் தெரியும்.

பின்முற்றத்தில் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. பிளாஸ்டிக் குழாய் போதும் என்று மேஸ்திரி சொன்னபோது, "என் பேரைச் சொல்லணும்யா, பித்தளை போடு" என்றவன் நான். ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டு குழாய்களைக் காணோம். துளைகளில் துணி அடைத்திருந்தது. திருடியவன் தண்ணீரை வீணாக்காத நல்லவன்.

பஞ்சர் ஒட்டும் கடைக்காரன்தான் முதலில் என் காதைக் கடித்தான். அவனும் என் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவன்தான்.

"முதலாளி, கத்திரி கொஞ்ச நாளா மூட்டை மூட்டையா என்னமோ உள்ள கொண்டு போறான். என்னடான்னு கேட்டா சிரிக்கிறான்."

"சிரிக்கிறானா?"

"ஆமா. அவன் சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை.

அன்று முதல் அவன் மேல் ஒரு கண் வைத்தேன். என் கடைக்கே வந்து ஒரு இரும்பு வாளியும் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாயும் வாங்கினான். எதற்கு என்றேன். "சும்மா" என்றான். சும்மா யாராவது இரும்பு வாங்குவார்களா? அப்புறம் ஒரு மூட்டை கரி வந்தது. வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற, முழங்கை வரை வரும் தோல் கையுறை வந்தது. நீளமான இடுக்கி வந்தது. கரி வாங்குகிறவன் அடுப்புக்கு வாங்கலாம். கையுறைக்கும் ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாள் அவன் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்ததை வாசலில் தவறவிட்டான். உருண்டு வந்து என் காலடியில் நின்றது ஒரு மூசை. நகை வேலை செய்கிறவர்கள் தங்கம் உருக்குவார்களே, அந்தக் கறுப்புக் கிண்ணம். இது அதைவிடப் பெரியது. முடி வெட்டுகிறவனுக்கு உலோகம் உருக்குகிற கிண்ணம் எதற்கு? என் பித்தளை கண்முன் உருகி ஓடியது.

வீட்டில் என் மனைவி மட்டும் நம்பவில்லை.

"ஏங்க, ஒரு மனுஷன் வாளி வாங்கினது குத்தமா?"

"வாளிக்குள்ள களிமண் பூசி வச்சிருக்கான்டி. பக்கத்துல ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகியிருக்கான். குழாய் வாயில என்ன தெரியுமா? முடி காய வைக்கிற மெஷின்!"

"சலூன்காரன், முடி காய வைக்க வச்சிருப்பான்."

"வாளிக்கு முடி இருக்கா?"

சலூனுக்கு விடுமுறை நாளன்று பின்முற்றத்தில் புகை தெரிந்தது. நான் போனேன். பஞ்சர்க்காரன் கையில் ஸ்பேனரோடு பின்னால் வந்தான். நான் யாரையும் அடித்துவிடக்கூடாது என்று மனைவியும் வந்தாள்.

வாளிக்குள் கரி செக்கச்செவேல் என்று எரிந்தது. முடி காய வைக்கிற மெஷின் ஊதிக்கொண்டே இருந்தது. கத்திரி கையுறை போட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் கிடந்த சாக்கைத் தட்டிக் கவிழ்த்தேன். உடைந்த ஸ்கூட்டர் எஞ்சின் மூடி, நசுங்கிய பாத்திரங்கள், ஜன்னல் சட்டத் துண்டுகள். குழாய் இல்லை.

"சாக்குல இல்லன்னா கிண்ணத்துல இருக்கும் முதலாளி" என்றான் பஞ்சர்க்காரன்.

எட்டிப் பார்த்தேன். மேலே சாம்பல் ஆடை படர்ந்திருந்தது. அந்தத் தீ வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"என்னடா உருக்குற?"

அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "நாற்காலியோட கால்பலகை உடைஞ்சிடுச்சு முதலாளி. அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. செங்கல் அடுக்கி வச்சேன், வயசானவங்க ஏறப் பயப்படறாங்க. எல்லாம் எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. நாமளே வார்த்துப் பாக்கலாம்னு..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தீ மூட்டறேன்னா விடுவீங்களா?"

"விடமாட்டேன்."

"அதான் சொல்லல."

கதை நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற கதைதான் எனக்குச் சந்தேகம். "என் கண் முன்னால ஊத்து. ஆறினதும் மஞ்சளா இருந்துச்சுன்னா, கடைச் சாவியை வச்சிட்டுக் கிளம்பு" என்றேன்.

சலூன் மேசையின் இழுப்பறைகள் இரண்டை அடிப்பலகை பெயர்த்து வைத்திருந்தான். உள்ளே களிமண் கலந்த மணல். உடைந்த கால்பலகையைப் பசை போட்டு ஒட்டி, மணலில் பதித்து எடுத்திருந்தான். இரண்டு இழுப்பறை மணலும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவியிருந்தான். பள்ளம் அச்சு அசலாக இருந்தது. அதோடு விட்டானா? தண்ணீர் பீச்சும் குப்பியை எடுத்தான். சீப்பு வைக்கும் முன் தலையை நனைப்பானே, அதே கை. மணலைச் சுற்றிச் சுற்றி நனைத்தான். இழுப்பறைகளை மூடி, மூசையை இடுக்கியால் தூக்கி, மேல் துளையில் ஊற்றினான்.

மணலுக்குள் ஏதோ உறுமியது. அடுத்த நொடி துளை வழியாக உருகிய உலோகம் சீறிப் பாய்ந்தது. கத்திரி பின்னால் விழுந்தான். பஞ்சர்க்காரன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். ஒரு சொட்டு என் செருப்பின் நுனியில் விழுந்து ரப்பர் பொசுங்கியது. செருப்பை உதறினேன். சொட்டு ஆறியதும் கையில் எடுத்தேன். இரும்புக் கடையில் கிடந்து வளர்ந்த கை இது, ஏமாறாது. பஞ்சு மாதிரி எடை. வெள்ளை. சுத்த அலுமினியம்.

"வெள்ளைதான்" என்று முனகினேன்.

"சத்தமா சொல்லுங்க. சாவியக் கேட்டப்ப தெருவுக்கே கேட்டுச்சே" என்றாள் மனைவி.

அச்சைப் பிரித்தால் கால்பலகை கறையான் புற்றுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவி மணலை ஒரு பிடி எடுத்து அமுக்கினாள். விரலிடுக்கில் சேறு வழிந்தது.

"இது என்ன தலையா, இப்படி நனைச்சு வச்சிருக்க? தண்ணி ஆவியாகித்தான் வெடிச்சிருக்கு. புடிச்சா உருண்டையா நிக்கணும், கையில ஒட்டக்கூடாது."

"பழக்க தோஷம்மா" என்றான்.

மறுபடி வார்க்கலாம் என்று நானே சொன்னேன். ஆனால் சிமெண்ட் தரையை விட்டுத் தள்ளி, மண்ணில். நான் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன், குப்பியை என் மடியில் வைத்துக்கொண்டு. நம்பிக்கை வேறு, காவல் வேறு. இந்த முறை உறுமல் இல்லை. ஓரத்தில் ஒரு பிசிறோடு பலகை முழுதாக வந்தது. அரத்தால் ராவி, என் கடையில் துளை போட்டு நாற்காலியில் பூட்டினான்.

குழாய்கள் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது பஞ்சர்க்காரன் கையில் பை இருந்தால் அதன் கனத்தைப் பார்க்கிறேன்.

ஊமைக்கத்திரி முதலில் என்னைத்தான் உட்காரச் சொன்னான். ஒரு காலைப் பலகையில் வைத்தேன், மற்றது தரையில். கத்திரி பேசத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, எதிர்க் கடைக்குப் போய்விட்ட ஓய்வுபெற்ற தபால்காரர் வாசலில் தலையை நீட்டினார்.

"பலகை புதுசா? ஏறலாமா?"

கத்திரி நின்றுவிட்டது. கண்ணாடியில் அவன் என்னையே பார்த்தான். தரையிலிருந்த காலையும் தூக்கி வைத்தேன்.

"தாராளமா ஏறுங்க. நானே ரெண்டு காலும் வச்சிருக்கேன், தெரியல?"

தபால்காரர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முடி வெட்டி முடிகிற வரை நான் பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை. பாரத்தை மட்டும் அதன்மேல் இறக்காமல் தொடையிலேயே பிடித்து வைத்திருந்தேன்.