கண்ணாடிக்குள் இருக்கும் என் கெட்டிமேளம்

அருங்காட்சியகத்தில் ஆசிய வாத்தியங்கள் இருக்கும் அறைக்குப் போனால் நான் கைகூப்பிக் கும்பிடுவேன். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிக்குள் இருக்கும் அந்த இரண்டு ரெபானா முரசுகளும், பெரிய தட்டு போன்ற பித்தளைக் கோங்கும், சீனத் தாளமும் இல்லாவிட்டால் என் கழுத்தில் தாலி ஏறியிருக்காது.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற புதிது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். முகூர்த்தம் நெருங்கும்போது ஜாலான் பெண்டஹாரா தெரு ஜவுளிக்கடைக்குப் போன் வந்து, கடைக்காரர் ஆள் அனுப்பினார். மேளக்காரர்கள் ஏறிய பஸ் வழியிலேயே படுத்துவிட்டதாம். கோயில் மேளக்காரரும் அதே பஸ்ஸில்தான்.

"கோயில் மணிய அடிச்சு முடிச்சிடலாமே" என்றார் ஐயர்.

"மணி அடிச்சுக் கட்ட இது கல்யாணமா, பள்ளிக்கூடமா?" என்று எழுந்துவிட்டார் மாப்பிள்ளையின் அம்மா. "தாலி கட்டுற நேரத்துல யாராச்சும் தும்மினா, கெட்ட வார்த்தை சொன்னா, காதுல விழக்கூடாதுன்னுதானே கெட்டிமேளம்? மேளம் இல்லன்னா இன்னிக்குக் கல்யாணம் இல்ல."

மாப்பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவருடைய சித்தப்பா ஒருவர் தன் மைத்துனர் மகளை அவருக்குக் கட்டிவைக்கக் காத்திருந்தார். அன்று தள்ளிப்போனால் அதோடு போச்சு.

சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகப் பக்கத்து மண்டபத்தில் எல்லா இனத்தாரின் வாத்தியங்களையும் சேர்த்து வைத்திருந்தார்கள்; நம் தவில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அவை அருங்காட்சியகத்துக்குப் போனது பிறகுதான். அப்போது அவற்றுக்குக் காவல் ஒரு மலாய்க்காரர், மாமா என்கிற மாதிரி நாங்கள் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம். அண்ணன் ஓடிப்போய் அவரிடம் அழாத குறையாகச் சொன்னான். 'தொடக்கூடாது' என்று பலகை மாட்டியவரே அவர்தான். அவரே "பாவாலா, செப்பாட்!" என்று, சீக்கிரம் கொண்டுபோகச் சொல்லி அவசரப்படுத்தி எடுத்துக் கொடுத்து, கோங்கைத் தானே தூக்கிக்கொண்டு கூட ஓடிவந்தார். மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டிருந்தால் வேலையே போயிருக்கும். எங்கிருந்தாலும் அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்.

கம்போங் செட்டியிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த இருவர் ரெபானாவை வாங்கி மடியில் வைத்தார்கள். மலாய் வழக்கங்களும் கலந்த அந்தத் தமிழர்கள் தங்கள் வீட்டு விசேஷங்களில் அடித்துப் பழகியதுதான். தாளம் அண்ணனிடம்.

"இது எந்த ஊரு மேளம்?" என்று முகத்தைச் சுளித்தாலும் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா எழுந்து, "மேளமே இல்லாத இந்தக் கல்யாணம் எங்க உருப்..." என்று ஆரம்பித்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்திக்கொண்டே பாக்சிக்கின் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிக் கோங்கில் ஓங்கி ஒரு போடு போட்டார் என் மாமியார். ரெபானாவும் தாளமும் சேர்ந்துகொண்டு பந்தலே அதிர்ந்தது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. சித்தப்பா வாயை மூடிக்கொண்டு உட்காரும்வரை அடித்தார்.