கணக்கில் வராத புளியமரம்

எங்கள் வீட்டை ஒட்டி நின்ற புளியமரம் அரசாங்கக் கணக்கில் இல்லை. அது தெரியாமல் அந்த மரம் எங்கள் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் ரோட்டோரம் வீடு. சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே தம்பியின் தூளி. அடிமரம் பொந்து விழுந்து, ஓர் ஆள் உள்ளே உட்காரலாம். ஐப்பசி மழைக்குள் அதை வெட்டியாக வேண்டும். அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்ததால் அம்மாதான் மனுவும் கையுமாக அலைந்தாள்.

ரோட்டு ஆபீசில், "நம்பர் இல்லாத மரம் எங்களுது இல்லம்மா" என்றார்கள். நில ஆபீசில், "ரோட்டோரம் நிக்கிறதெல்லாம் அவங்களுது" என்றார்கள். அம்மா விழுப்புரம் வரை போய் ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தாள். அது நாலு முத்திரை வாங்கிக்கொண்டு இந்த இரண்டு ஆபீசுக்கே பத்திரமாகத் திரும்பி வந்தது.

என் மாமா சுவரில் விளம்பரம் எழுதுகிறவர். அம்மா அலைந்த கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"நம்பர்தானே கேக்கறாங்க? போட்டுட்டா போச்சு. இந்தப் பக்கத்து மரம் 46, அந்தப் பக்கத்து மரம் 47. நம்மளது 46/1. பட்டாவுல வருதில்ல, மரத்துல வராதா?"

மரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்தது மாமா. எண்ணை எழுதியது நான். மாமாவின் எழுத்து சுற்றுவட்டாரத்துச் சுவர்களிலெல்லாம் இருந்ததால் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் எழுத்தை யாருக்குத் தெரியும்?

புது எண்ணோடு அம்மா ரோட்டு ஆபீசில் புது மனு கொடுத்தாள். மூன்றாம் நாளே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி ரிஜிஸ்டரைப் புரட்டினார். 46 இருந்தது. அடுத்து 47தான் இருந்தது.

"யாரும்மா இந்த நம்பரப் போட்டது?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? உங்க ஆளுங்கதான் போட்டுக்கினு போயிருப்பாங்க" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

பாவம், அவர் நிலைமை. இருக்கிற மரம் காணாமல் போனால் ஒரு விளக்கம் எழுதினால் போதும். இல்லாத மரம் எண்ணோடு நின்றால், இத்தனை வருஷம் புளி ஏலத்தில் ஏன் சேர்க்கவில்லை என்பதிலிருந்து தொடங்கிப் பத்து விளக்கம் எழுத வேண்டும். எங்கள் கூரையைப் பார்த்தார். உள்ளே தூளியையும் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "காத்துல விழுந்துடுச்சுன்னு எழுதிக்கலாம். ஆளுங்கள ஜல்தியா வரச் சொல்லு" என்றார். விழுந்த மரத்தை அகற்ற யார் அனுமதியும் வேண்டாமாம். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

ஆட்கள் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் நோட்டை அவர் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு கழித்தல் கணக்கில் நிறுத்தினார். ஆறின் தலையை நான் கொக்கிபோல் வளைத்து எழுதுவேன். அதன்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவரை நிமிர்ந்து நின்ற அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல கையெழுத்து பாப்பா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கண்ணுக்கு மறைந்த பிறகும் அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஓர் அதிகாரியையே நாங்கள் ஏமாற்றிவிட்டதாகவும், அதுகூடத் தெரியாமல் அவர் என் எழுத்தை மெச்சிவிட்டுப் போனதாகவும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.