சொல்தா போட்ட முட்டைகள்

முசே சிமோன் ஒரு நாளைக்கு முப்பது முறையாவது சுமலதாவைக் கூப்பிடுவார். தலையணை நழுவினால் சுமலதா. ரேடியோ கரகரத்தால் சுமலதா. ஒன்றுமே இல்லாவிட்டால், அவள் வீட்டில்தான் இருக்கிறாளா என்று பார்ப்பதற்காக ஒரு சுமலதா. பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர் என்பதால் ஊருக்கு அவர் முசே, பிரெஞ்சில் ஐயா. இப்போது வயது எண்பத்தொன்று. போன வருடக் கடைசியில் இடுப்பு உடைந்ததிலிருந்து கட்டில், சக்கர நாற்காலி, மறுபடி கட்டில். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் ஜூஸ்தின் பாரீஸுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து அன்பாக நாலு வார்த்தை பேசுவாள். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் வீடியோவில் முடியாதென்பதால் அதற்குச் சுமலதா.

சுமலதாவுக்கு நாற்பத்தொன்பது வயது. சாரம் பகுதியில் வீடு. காலையில் ஒரு அடுப்பை அணைத்துவிட்டு ஆறரைக்குக் கிளம்பினால், கடற்கரைக்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் முசேவின் மாடி வீட்டுக்கு வந்து இன்னொரு அடுப்பைப் பற்ற வைக்க ஏழரை ஆகிவிடும். அந்த மாடிப்படிகள் பதினெட்டு. ஒவ்வொரு படியும் முழங்காலில் ஏறி இறங்கும். கோரிமேடு ஆஸ்பத்திரியில் காட்டியபோது எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஓய்வாக இருக்கவும் சொன்னார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டாள், ஓய்வை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

இந்தக் கதையில் மூன்றாவது ஆள் ஒரு கிளி. வெளிநாட்டு ஜாதி, சாம்பல் உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. மனைவி இறந்த வருடம் கடைக்காரன் ஆண் என்று சத்தியம் செய்து விற்றான். முசே அதற்குச் சொல்தா என்று பேர் வைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் அவர் தட்டின் விளிம்பில் அது வந்து உட்கார்ந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ரொட்டியைப் பால் காப்பியில் தோய்த்து அவர் ஒரு வாய், அது ஒரு வாய். ஒருமுறை அது இறகு உதிர்த்துக்கொண்டு கூண்டை விட்டு வராத இரண்டு நாளும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கே ஆள் வரவழைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கே சுமலதாவுக்குத் தெரிந்துவிட்டது, தான் பார்த்துக்கொள்வது இரண்டு உயிர் இல்லை, ஒரே உயிர் என்று.

இந்த வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம் சொல்தா ஒரு முட்டை போட்டது. இடுப்பு உடைந்த பிறகு முசே வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "சொல்தா பொம்பளையா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜூஸ்தினும் வீடியோவில் சிரித்தாள்.

சுமலதா பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கோழி முட்டை போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மறுபடி போடும். அப்படியே செய்தாள். சொல்தாவும் போட்டது. ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டை, நாலைந்து ஆனதும் கொஞ்சநாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி நாலைந்து. எடுத்ததையெல்லாம் பிரிட்ஜ் கதவில் அடுக்கி வைத்து ஞாயிற்றுக்கிழமை ஜூஸ்தினுக்குக் காட்டுவாள். "உன் கைராசி சுமலதா!" என்பாள் ஜூஸ்தின். இந்த வீட்டில் யாரும் தன்னைப் பாராட்டிக் கேட்டறியாத சுமலதாவுக்கு அது வெல்லமாக இனித்தது. சூரியகாந்தி விதையை இன்னும் ஒரு கை கூட்டிப் போட்டாள்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சொல்தா கூண்டின் தரையில் கிடந்தது. இறகு சிலிர்த்து, வால் மேலும் கீழும் ஆட, எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தது. "சுமலதா! சுமலதா!" என்று முசே போட்ட சத்தம் தெருவரை கேட்டது. கீழ்வீட்டுப் பாக்கியலட்சுமியை அவருக்குத் துணையாக உட்காரச் சொல்லிவிட்டு, கிளியை ஒரு அட்டைப் பெட்டியில் துணி போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

பறவை பார்க்கும் டாக்டர் பூர்ணிமா சின்ன வயசுக்காரி. தொட்டுப் பார்த்ததும், "முட்ட மாட்டிக்கினு இருக்குக்கா," என்றாள். கால்சியம் ஊசி போட்டு, பல்பு எரியும் பெட்டிக்குள் கதகதப்பாக வைத்தாள். ஒரு மணி நேரம் சுமலதா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாக முட்டை வெளியே வந்தது. அது முட்டை மாதிரியே இல்லை. ஓடில்லாமல், தோல் மட்டும் மூடிய ஒரு துளி வெள்ளை.

"ஓடு கட்டறதுக்கு உடம்புல சுண்ணாம்பு இல்லக்கா. எலும்புலேருந்து எடுத்து எடுத்துப் போட்டிருக்கு. அதுவும் தீந்துதான் கால் நிக்கல. இந்த வருஷம் எத்தினி போட்டிருக்கும்?"

"இருபத்தாறு," என்றாள் சுமலதா. வழக்கமாக அதைச் சொல்லும்போது குரலில் வரும் பெருமை இன்றைக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இருபத்தாறா! முட்டைய என்ன பண்றீங்க?"

"எடுத்துடுவேன்."

"எடுக்காம விட்டா கோழி என்னக்கா பண்ணும்?"

"அடைக்கு உக்காந்துடும். போடறத நிறுத்திடும்," என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் மேலே கேட்டாள். என்ன தீனி? சூரியகாந்தி விதை. அதில் கொழுப்புதான், சுண்ணாம்பு கிடையாது. வேறு? பால் காப்பி. "பால்ல சத்து இருக்குதுன்னு சொல்வாங்களே டாக்டர்?" என்றாள் சுமலதா பரிதாபமாக. பறவைக்குப் பால் செரிக்காது, காப்பி அதைவிட மோசம் என்றாள் டாக்டர். முருங்கைக்கீரை கொடுக்க வேண்டும், சுண்ணாம்புக்குக் கூண்டில் கணவாய் மீன் ஓடு கட்டித் தொங்கவிட வேண்டும். பழையதையெல்லாம் தூக்கி எறிந்ததுபோக பிரிட்ஜில் மிச்சம் இருக்கும் நாலு முட்டையையும் அவித்து ஆறவைத்து, கூண்டுக்குள் அது முட்டை போடும் கூட்டில் வைத்தால் தன் முட்டை என்று நம்பி அடைக்கு உட்காரும்.

"வெயில் படற எடத்துல வெக்கிறீங்களா?"

சுமலதா இல்லையென்று தலையாட்டினாள்.

"வெயில் இல்லாம எத்தினி சுண்ணாம்பு குடுத்தாலும் உடம்புல ஒட்டாதுக்கா. கண்ணாடிக்குப் பின்னாடி வெச்சா ஆகாது, நேரா படணும். இன்னொரு ஈடு முட்ட போட்டுச்சுன்னா தாங்காது. நல்லா ஓய்வு வேணும் அதுக்கு."

வெயில்தான் அந்த வீட்டில் கிடைக்காத பொருள். தெருப் பக்கம் கிழக்கு பார்த்த பால்கனி இருக்கிறது. எட்டு மாதமாக அதன் கதவு சாத்திக் கிடக்கிறது. எதிர் வீட்டு மாடியில் தேவதாஸ் இருக்கிறார். கடற்கரைப் பக்கம் மாலையில் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடிய நாளில் முசேவுக்கு எதிராக ஆடியவர் அவர்தான். ஒரு காலத்தில் ஆட்டத்தில் தேவதாஸை அழவைத்த மனுஷன், இன்றைக்கு டயப்பர் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பதை அவர் பார்த்துவிடக் கூடாது. கதவைத் திறக்க முசே ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

திரும்பி வந்து, முட்டைகளை அவித்துக் கூட்டில் வைத்தாள். சொல்தா தள்ளாடிப் போய் அவற்றை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அவித்த முட்டையை அடைகாக்கும் அந்த நம்பிக்கையைச் சுமலதா நின்று பார்த்தாள். பிறகு கூண்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"நோன்! தொறக்காத," என்றார் முசே.

"அப்ப இத மட்டும் வெளிய வெச்சிட்டு சாத்திடறேன்."

"பூனை வரும். தனியா வெக்காத."

"நான் கூடவே நிக்க முடியுமா முசே? சோறு யாரு ஆக்கறது?"

"தொறக்காதன்னா தொறக்காத."

இடுப்பு உடைவதற்கு முன்பிருந்தே, மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள், அவருக்கு எதிராக ஒரு சொல் சொன்னவள் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அன்றைக்கு எங்கிருந்தோ வந்தது. கூண்டை அவர் மடியிலேயே வைத்தாள்.

"முட்டைய எடுத்து எடுத்து இத இந்த கதிக்கு கொண்டாந்தது நான். அது என் தப்பு. எட்டு மாசமா கதவ சாத்தி வெச்சிருக்கறது உங்க தப்பு. என் தப்ப நான் இன்னிக்கி நிறுத்திட்டேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போய்விடும் என்று நினைத்தாள். போனால் படுத்துத் தூங்கலாம் என்றும் நினைத்தாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க முசே அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை அவள் படி ஏறி வந்ததும், "சுமலதா, ஷேவ் பண்ணிவுடு," என்றார். வெள்ளைச் சட்டை கேட்டார். தொப்பி கேட்டார். இடுப்புக்குக் கீழே போர்வையைச் சுற்றிக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தாழ்ப்பாள் துரு ஏறிக் கிடந்ததை அம்மிக் குழவியால் தட்டித்தான் திறக்க முடிந்தது.

எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தேவதாஸ் நிமிர்ந்து பார்த்தார். பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"சிமோன்! இருக்கியாடா நீ!"

"இருக்கேன். சொல்தாவுக்கு வெயில் வேணுமாம்," என்று அதட்டலாகச் சொன்னார் முசே.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுமலதாவுக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருப்பது போலக் கழிந்தன. காலாப்பட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அம்மாவிடம் கேட்டதில், கரையில் கிடக்கிற கணவாய் ஓட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்து, காயவைத்துக் கூண்டில் கட்டினாள். முதலில் சொல்தா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கொறி. அப்புறம் முருங்கைக்கீரையில் ஒரு காம்பு. காலை வெயிலில் அரை மணி, கூடவே முசே. ரொட்டி உண்டு, காப்பி கிடையாது. தினமும் வந்ததும் வராததுமாகக் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள். நாலு. மறுநாளும் நாலு. ஐந்தாவதாக ஒன்று தெரிந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே படியேறுவாள். எட்டு மாதப் பழக்கத்தில் அவள் கை ஒவ்வொரு நாளும் முட்டையை நோக்கிக் கொஞ்சம் நீளும், தானே இழுத்துக்கொள்வாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை சொல்தா கூட்டில் இல்லை. குளிர்ந்துபோன நாலு முட்டையையும் அப்படியே விட்டுவிட்டு, மேல் குச்சியில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்று கணவாய் ஓட்டைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தது. ஐந்தாவது இல்லை. சுமலதா இரண்டு முறை துழாவிப் பார்த்தாள், இல்லை. பிறகு அது பறந்து வந்து முசேவின் தட்டு விளிம்பில் உட்கார்ந்தது. அவர் ரொட்டியைக் கடித்தார்.

குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு வந்து பால்கனிக் கதவோரம் மணையைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் கிளியைப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான். வெயில் முழங்காலில் விழுந்தது. இதமாக இருந்தது.

கருகல் வாசனையில் திடுக்கிட்டு விழித்தபோது வெயில் பால்கனிக்குப் பின்வாங்கிவிட்டிருந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஒம்போது விசில்," என்றார் முசே. "எண்ணிக்கினே இருந்தேன்."

"ஐயோ, ஒரு கொரல் குடுக்கக் கூடாதா? முப்பது வாட்டி கூப்புடுவீங்களே!"

"ஓய்வு வேணும்னு டாக்டரு சொன்னாங்கன்னு சொன்னியே."

"அது கிளிக்கு, முசே."

"தெரியும்," என்றார் அவர்.