ஜெசிந்தா டீச்சரும் புது வண்டியின் முதல் ஆயிலும்

பொதுத்தேர்வுக் கண்காணிப்புக்குப் போகிறவர்கள் கைப்பேசியை அணைத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று எனக்கு வேறொரு பள்ளியில் பணி. விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து ஆன் செய்தேன். ஜெசிந்தா டீச்சரின் கணவர் அருள் சார் பலமுறை அழைத்திருந்தார். திருப்பி அழைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் அத்தனை முறை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். வெயிலில் அப்படியே நின்றேன். ஓர் ஆட்டோக்காரர் ஓரங்கட்டி, "எங்கக்கா போகணும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. "அழாதீங்கக்கா. ஏறி உக்காருங்க, போகப் போகச் சொல்லுங்க" என்றார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஜெசிந்தா டீச்சர் அன்று காலையில் இறந்துவிட்டார். நான் யாருக்கோ கூடுதல் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் இயற்பியல் படித்தவர்கள். சிலர் எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்கள். ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். நான் அதே பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். என்னிடம் இருப்பது அவருடைய காரின் கதை. அவருடைய கடைசிக் காலம் பெரும்பாலும் அந்தக் காருக்குள்தான் கழிந்தது. அவருக்குப் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் டீச்சர் கார் ஓட்டப் பழகினார். அவர் கணவர் அருள் சாருக்கு ஒரு விபத்துக்குப் பிறகு வலது கால் மடங்குவதில்லை. பஸ்ஸில் ஏற முடியாது, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார முடியாது. பல வருடங்களாக வீட்டுக்கும் மாதா கோயிலுக்குமாக முடங்கிக் கிடந்தார். "அவர வெளிய கூட்டிட்டுப் போகணும் மீனா. அம்புட்டுத்தான். வேற எதுக்கு எனக்குக் காரு?" என்றார் டீச்சர். சின்ன வெள்ளைக் கார் வந்தது. கோயிலில் மந்திரித்துப் பூ வைத்த அன்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் ஜிலேபி.

அந்தப் புது வண்டியை அவர் ஓட்டிய விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேகமாகவும் போக மாட்டார். ஒரே சீராகவும் போக மாட்டார். நால்வழிச் சாலையில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு கடப்பார்கள். டீச்சர் தலையைத் திருப்பமாட்டார். "புது எஞ்சினு மீனா. இரும்பும் இரும்பும் ஒண்ணுக்கொண்ணு பழகுற காலம். இப்ப வெரட்டவும் கூடாது, ஒரே வேகத்துல வச்சிருக்கவும் கூடாது. அவசரம் இருக்கிறவங்க முன்னாடி போகட்டும்."

ஒரு வியாழக்கிழமை உள்ளூர் விடுமுறை. அவருடைய தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஆடு வாங்க அய்யலூர்ச் சந்தைக்குப் போனோம். அருள் சார் காரை விட்டு இறங்காமலே, கண்ணாடியை இறக்கிவிட்டு வியாபாரிகளோடு பேரம் பேசினார். அத்தனை உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஒருவழியாகக் கிடா படிந்தது. "டிக்கில போட்டுருவோமாக்கா?" என்றார் விற்றவர். டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்கிறத டிக்கில போடுவாங்களாப்பா?" கடைசியில் கிடா பின் இருக்கையில், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. புது சீட்டை அது என்ன செய்தது என்பதை இங்கே எழுதவில்லை. வீடு வரைக்கும் டீச்சர் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

முதல் சர்வீஸுக்கு நாள் வந்தபோது ஆயிலை மாற்றச் சொல்லப் போகிறேன் என்றார். எஞ்சின் பழகும்போது உதிர்கிற இரும்புத் தூள் கம்பெனியில் ஊற்றி வந்த ஆயிலில்தான் மிதக்கும். அதை எதற்கு வருடம் முழுக்க உள்ளே ஓடவிட வேண்டும் என்பது அவர் கட்சி. சர்வீஸ் சென்டரில் இருந்தவர் பொறுமையான ஆள்.

"முதல் சர்வீஸுல செக்கப் மட்டும்தான் மேடம். ஆயில் வருஷம் திரும்பினாத்தான். இப்ப வர்ற எஞ்சினெல்லாம் முன்ன மாதிரி இல்ல. தூள் வந்தாலும் ஃபில்டர் புடிச்சுக்கும்."

"நான் மாத்தினா வாரண்டி போயிருமா?"

"அதெல்லாம் போகாது மேடம். இதே ஆயில்தான் ஊத்தப் போறோம். தேவையில்லங்கிறதத்தான் சொல்றேன்."

"நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கும் தம்பி. என் மனசு கேக்கல. மாத்திருங்க."

சர்வீஸ்காரர் மெக்கானிக்கிடம் கண்ணைக் காட்டினார். வண்டி லிஃப்டில் மேலே ஏறியது. ஆயில் இறங்கும்போது கூட நிற்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகக் கேட்டு உள்ளே போனார். நானும் போனேன். தேன் நிறத்தில் இருக்கும் என்று நினைத்தேன், கறுத்துத்தான் வந்தது. டீச்சர் ஒரு சொட்டை விரலில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். மிகச் சன்னமாக ஏதோ மின்னியது. "பாருங்க" என்றார். சர்வீஸ்காரரும் பார்த்தார். "எல்லா புது வண்டிலயும் வர்றதுதான் மேடம். அதனால ஒண்ணும் ஆகாது" என்றார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "அவர் சொன்னதுதான் சரின்னா என்ன டீச்சர் பண்றது?"

"இருந்துட்டுப் போகுது. கொஞ்சம் ஆயில் வீணாப் போயிருக்கும். ஒருவேளை நான் சொல்றது சரின்னா? எதையும் முன்னக்கூட்டியே பாத்துட்டா பாதி கஷ்டம் இல்ல மீனா."

எதிலும் அப்படித்தான் அவர். மழைக்காலத்துக்கு முன்பே ஓட்டுக்குத் தார் பூசுவார். பரிசோதனைக்கூடத்துக் கம்பிகளைக் கோடை விடுமுறையிலேயே மாற்றிவிடுவார். பல்வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை; வலிப்பதற்குள் போய்க் காட்டிவிட்டு வந்திருப்பார். ஆயில் மாற்றியாயிற்று, இனிமேல் தூரம் போகலாம் என்று முடிவாயிற்று. முதல் பயணம் வேளாங்கண்ணிக்கு. அருள் சார் தனக்கென்று புதுச் சட்டை எடுத்து வைத்தார்.

அந்த வாரம்தான் டீச்சருக்கு மேல்வயிற்றில் ஒரு வலி. முதுகு வரைக்கும் இழுக்கிறது என்றார். நானாக இருந்தால் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். டீச்சர் மறுநாளே பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போனார். "உடனே வந்துட்டீங்க, நல்லது" என்று அவர் சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது டீச்சர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரைக்கு மூவரும் அந்தக் காரில்தான் போனோம். பெரிய மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கணையத்தில் கட்டி என்றார். கல்லீரலுக்குப் பரவிவிட்டது, அறுவை செய்ய முடியாது என்றார். அருள் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் மட்டும் வகுப்பில் கேள்வி கேட்பது போல நிதானமாகக் கேட்டார்.

"எவ்வளவு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா புடிச்சிருக்கலாம் டாக்டர்?"

அவர் படங்களை இறக்கி வைத்தார். "உங்களுக்கு வலி வந்ததே இப்பதானம்மா? அதுக்கு முன்னாடி எதை வச்சு வருவீங்க? இது சொல்லிட்டு வர்ற நோய் இல்ல. நீங்க எதுவும் தப்புப் பண்ணல."

தப்புப் பண்ணவில்லை என்ற அந்த வார்த்தைதான் அவரை உடைத்தது. ஏதாவது தப்பு இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் இல்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: எனக்கும் வண்டி ஓட்டத் தெரியாது, அருள் சாருக்கும் முடியாது. சாகப் போகிறாய் என்று சற்று முன் சொல்லப்பட்டவர்தான் எங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யாராவது டிரைவர் கிடைப்பாரா என்று கேட்கட்டுமா என்றேன். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அருள் சார் பின் இருக்கையில் காலை நீட்டி, ஸ்கேன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். பாதி மந்திரத்தில் நிற்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சோழவந்தான் பிரிவைத் தாண்டினோம். கொடைரோட்டுக்கு முன்னால் டீச்சரின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்தேன்.

"ஓரமா நிப்பாட்டுங்க டீச்சர். அழுதுட்டுப் போவோம்" என்றேன்.

"நான் அழ ஆரம்பிச்சா அப்புறம் யாரு மீனா ஓட்டுறது?" என்றார்.

முந்தானையால் நான்தான் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் முகத்தை மட்டும் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். திண்டுக்கல் வரும் வரைக்கும் அப்படியே வந்தோம். என் வாழ்நாளில் அன்றைக்குப் போல நான் எதற்கும் உதவாமல் போனதில்லை.

அதன் பிறகு மதுரைக்குப் போய்வர வாடகை டிரைவர்கள் வந்தார்கள். கீமோ முடிந்து வாந்தியும் மயக்கமுமாகப் பின் இருக்கையில் சுருண்டு கிடப்பார் டீச்சர். வண்டியை எடுத்ததும் டிரைவர் அழுத்தி மிதித்தால் மட்டும் கண்ணைத் திறப்பார். "தம்பி, எடுத்தவொடனே வெரட்டாதீங்க. செத்த நேரம் விடுங்க, ஆயில் மேல ஏறட்டும்." அவர்கள் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்கள். டீச்சர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று நான் சைகை காட்டுவேன். வேளாங்கண்ணிக்கு ஓட வேண்டிய தூரத்தைவிட அதிகமாகவே அந்த வண்டி மருத்துவமனைக்கு ஓடியது. எஞ்சின் ஒரு குறையும் வைக்கவில்லை.

மாசிக்கு மேல் மருத்துவர்களே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது தொடங்கியது எங்கள் எல்லோருடைய ஓட்டமும். சிறுமலையிலிருந்து ஒருவர் வேர் கொண்டுவந்தார். பேகம்பூரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வந்தது. நான் கன்னிவாடியிலுள்ள எங்கள் தோட்டத்து இளநீரைச் சுமந்துகொண்டு போவேன். எல்லாவற்றையும் டீச்சர் வாங்கிக்கொண்டார், ஒரு வாய் குடித்தார், "நல்லா இருக்கு" என்றார். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் போன பிறகு என்னை அருகில் கூப்பிட்டார்.

"மீனா, நாளைக்கு வரும்போது ஒண்ணும் கொண்டு வராதீங்க."

"ஏன் டீச்சர்?"

"கொண்டு வர்றவங்க எல்லாரும் அது வேலை செய்யுதான்னு என் முகத்தையே பாக்குறாங்க. அவங்களுக்காக நான் பரவாயில்லன்னு சொல்ல வேண்டியிருக்கு. எனக்குத் தெம்பில்ல. நீங்க சும்மா வாங்க."

மறுநாள் வெறுங்கையோடு போனேன். அந்த வாசல்படி ஏறுவது அத்தனை கடினமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தூங்கினார். இடையில் கண்ணைத் திறக்காமலே, "இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன் டீச்சர்" என்றேன். மறுபடி தூங்கினார். அடுத்தடுத்த மத்தியானங்களிலும் எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஜெசிந்தா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மத்தியானங்களை. ஒன்றும் செய்ய முடியாத இடத்திலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருப்பதை. எனக்கு அது நன்றாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அருள் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். கார் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். வெயில் இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புகிறேன் என்று எழுந்தேன்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன்" என்றார்.

மறுபடி உட்கார்ந்தேன்.