வாயில் பறி, திரையில் புள்ளி

லோகாம்பாளுக்கு வாய் நீளம் என்று குப்பமே சொல்லும். ஏரிக்குள் இறங்கினால் மட்டும் அந்த வாய் அடைபட்டுவிடும். பழவேற்காடு ஏரியில் வலையில்லாமல் இறால் பிடிக்கிறவர்கள் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போவார்கள். அகப்பட்டதைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும்.

மகள் நந்தினி ஊரைக் கேட்காமல் அக்கரைக் குப்பத்து ஜான்சனைக் கட்டிக்கொண்டபோது, ஊர் அவளைத் தள்ளிவைத்தது. அவளோடு யாரும் பேசக் கூடாது, பேசினவர்களுக்கும் அதே கதி என்று தீர்ப்பு. பேசத்தான் கூடாது. பக்கத்தில் குந்தி இறால் தடவக் கூடாதென்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏரி நடுவே ஒரு திட்டோரம். அங்கே இறால் வராது. இறால் வராத இடத்துக்கு ஆளும் வராது. அம்மாவும் மகளும் அங்கே தினம் சந்தித்தார்கள், வாயில் ஆளுக்கொரு பறியோடு. நந்தினி முழுகாமல் இருந்ததை அம்மா கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பிறகு அது தங்காமல் போனதையும் அப்படியே.

போன மழைக்காலத்தில் ஒரு படகு கவிழ்ந்து, ஆளைத் தேடி ஊரே அலைந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், ஊர்தான் பிழைக்கவில்லை. செல்போன் கடை சுபாஷ் ஒரு மேப் செய்து கொடுத்தான். இனி ஊரில் எல்லோரும் எந்நேரமும் போனைக் கூடவே வைத்திருக்க வேண்டும். யார் எங்கே இருக்கிறார் என்பது மீன் ஏலக்கூடத்துப் பெரிய டிவியில் பெயரோடு புள்ளியாகத் தெரியும். தண்ணீரில் இறங்குகிறவர்கள் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைச் சும்மாட்டில் செருகிக்கொண்டார்கள்.

ஊரில் பொய் செத்தது. உடம்பு சரியில்லை என்று கல்யாணத்துக்குப் போகாதவரின் புள்ளி திருப்பாலைவனத்துப் பிரியாணிக் கடையில் நின்றது. பொய் செத்த இடத்தில் உண்மை முளைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முளைத்தது விளக்கம். "கத்தி வாங்கத்தான் அவங்க வீட்டுப் பக்கம் போறேன்" என்று தெருவில் நடக்கும்போதே அறிவித்துக்கொண்டு போனார்கள். கொல்லைப்பக்கம் கொஞ்சம் அதிகநேரம் உட்கார்ந்தவர்கூட வெளியே வந்ததும் வயிற்றைக் காரணம் சொன்னார். ஏலம் முடிந்த பிறகும் கூடம் கலையவில்லை. திரையைப் பார்க்காமல் இருந்தால், தன் புள்ளியை யார் பார்க்கிறார்களோ என்று பதைப்பு. பார்த்துக்கொண்டிருந்தாலும் அதே பதைப்பு.

ஏரிக்குப் போகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் பாடு விழாது, வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும் என்பது அங்கே வழக்கம். இப்போது யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

தள்ளிவைத்தவளுக்கு மேப்பில் இடம் ஏது? நந்தினிக்குப் புள்ளி இல்லை. திட்டோரம் லோகாம்பாளின் ஒற்றைப் புள்ளி மட்டும் நின்றது. வேறு ஊராக இருந்தால் இதில் ஏதோ ரகசியம் இருக்கிறதென்று நினைத்திருப்பார்கள். மீன்பிடிக்கிற ஊர் வேறு மாதிரி நினைத்தது.

"சுபாஷு, தெனம் அங்கியே நிக்குதே, யார்து அது?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் தங்கவேல்.

"நம்ம லோகாம்பா அக்கா, மாமா."

"கெட்டிக்காரி. எறா மேயற எடத்தக் கண்டுபுடிச்சிக்கினு வாயத் தொறக்காம கீறா பாரு."

"வாய்லதான் பறி கீதே."

மறுநாள் காலையில் திட்டைச் சுற்றிப் படகுகள் வந்துவிட்டன. இன்ஜின் சத்தம் கேட்டதுமே நந்தினி எழுந்து அக்கரைப் பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்தாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. லோகாம்பாள் குந்தினபடியே இருந்தாள். வலை மேல் வலையாக விழுந்தது. வந்ததெல்லாம் பாசியும் ஒரு பழைய செருப்பும்.

சாயங்காலம் ஏலக்கூடத்தில் விசாரணை.

"இன்னா லோகாம்பா, ஒரு பொடி எறா கூட இல்லியே அங்க. தெனம் அப்புடி இன்னாத்த தடவற?" என்றார் தங்கவேல்.

"சேத்த."

"சேத்துல இன்னா கீது?"

"ஏரிக்குப் போறவள எங்க போற, இன்னாத்துக்குப் போறன்னு கேக்கக் கூடாது அண்ணே. உங்க நைனா இருந்தா உன்ன ஒதைச்சிருப்பாரு."

"நாங்க எங்க கேட்டோம்? பாத்தோம்."

கூடம் சிரித்தது. படகில் வந்தவர்களில் ஒருவர், "அக்கரைப் பக்கமா ஒரு பொண்ணு நடந்து போச்சு. அங்க எந்தப் புள்ளியும் காட்டல" என்றார். சிரிப்பு நின்றது. அந்தத் தண்ணீரில் புள்ளியில்லாத பெண் ஒருத்திதான்.

தங்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவகிட்ட பேசுனியா?"

"வாய்ல பறி."

அது உண்மை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை. தங்கவேலும் கல்மனசுக்காரர் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். "பேசலன்னா தப்பில்ல. உன்ன ஏன் தள்ளிவைக்கணும்? இனிமே உன் புள்ளி அந்தத் திட்டுப் பக்கம் போகக் கூடாது. போச்சுன்னா சுபாஷு சொல்லிடுவான். அவ்ளோதான், வூட்டுக்குப் போ."

லோகாம்பாள் போகவில்லை. திரையில் தன் பெயரோடு நிற்கிற புள்ளியைப் பார்த்தாள். அதைச் சுற்றி ஊரே புள்ளிகளாக அப்பிக்கொண்டிருந்தது.

"பேசுனேன்" என்றாள்.

"இன்னாது?"

"பேசுனேன் அண்ணே. தெனம் பேசுனேன். பறியத் தூக்கி ஓரமா வச்சிட்டு வாய் வலிக்கப் பேசுனேன். தள்ளி வை."

மேப் வந்த பிறகு அந்தக் கூடத்தில் ஒருவர் துணிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். பொய்யைக் கேட்டுப் பழக்கம் விட்டுப்போன ஊர் அதை நம்பியது. தலைவர் தலையசைக்க, சுபாஷ் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். லோகாம்பாள் திரையில் இல்லாமல் போனாள். எதிரே நிற்கிற ஆள் திரையில் இல்லையே என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் திட்டோரம் அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். ஓலை உராய்ந்து காய்த்த உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள். நந்தினி பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பேசுடி. ஒண்ணும் ஆவாது. என்னியும் தள்ளிட்டாங்க."

நந்தினியும் பறியை எடுத்தாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில் லோகாம்பாள், "கறுத்துட்டே" என்றாள்.

"இதச் சொல்லத்தான் பறிய எடுத்தியா?"

"வேற இன்னா சொல்லணும்?"

"கொழந்த போச்சே, அன்னிக்கு எடுத்திருக்கலாம்ல? அன்னிக்குக் கூட கடிச்சிக்கினுதான இருந்தே?"

வாய் நீளமான லோகாம்பாள் கையால் சேற்றைத் தடவத் தொடங்கினாள். நந்தினி விடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை திட்டினாள். அம்மாவும் இடையில் சுதாரித்துக்கொண்டு, ஜான்சன் சட்டை போடும் லட்சணத்திலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு பறிகளும் காலியாக மிதந்து எங்கேயோ போய்விட்டன. யாரும் தேடவில்லை.

கூடத்தில்தான் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. திட்டோரத்து வெற்றிடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அவள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள்? கேட்கவும் முடியாது, அவளோடு பேசக் கூடாதென்று அவர்களே வைத்த தீர்ப்பு. ஏலத்துக்கு வந்த நண்டு கூடையிலேயே கிடந்தது.

மத்தியானம் சுபாஷின் கடைக்குத் தங்கவேலின் மனைவி சுதா வந்தாள். சுவரில் தொங்கிய போன் உறைகளைக் கொஞ்சநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சுபாஷு, இன்னா தப்பு பண்ணா எடுப்பீங்க?"

"எத அத்தே?"

"புள்ளிய."

சுபாஷ் விழித்தான். தன் புள்ளி அந்தக் கடையில் அதிகநேரம் நின்றுவிட்டது சுதாவுக்கு ஞாபகம் வந்தது.

"யாராவது கேட்டா, சார்ஜர் வாங்க வந்தேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.